கருவாடு மணந்த ஷாம்பு பாட்டில்

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ் அன்று பிதுங்கிக்கொண்டு கிளம்பியது. படிக்கட்டில் காலேஜ் பையன்கள். உள்ளே கம்பியைப் பிடித்தபடி கூடையும் பையுமாகப் பெண்கள். எனக்குப் பக்கத்து சீட் மட்டும் காலி. அதில் எனக்கு வியப்பு ஒன்றும் இல்லை. சில வருஷங்களாகவே என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். படித்த பெண், கழுத்தில் அடையாள அட்டை, மடியில் முக்கியமான பை. ஏதோ மரியாதை கொடுக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழியில் ஏறிய ஓர் அக்கா அந்த மரியாதையையெல்லாம் கண்டுகொள்ளாமல் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே மூக்கைச் சுருக்கினார். என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார்.

"ஏம்மா, பையில கருவாடா?"

"இல்லக்கா. பிளாஸ்டிக்கு."

"பிளாஸ்டிக்கு எங்கயாச்சும் கருவாட்டு வாசம் அடிக்குமா? கொண்டு போறதக் கொண்டு போ. அதுக்கு எதுக்குப் பொய்யி? நான் என்ன பங்கா கேக்கப்போறேன்?"

ரோஷத்தோடு பையைத் திறந்து காட்டினேன். கவருக்குள் சாம்பல் நிறத்தில், நொய்யரிசி மாதிரி பிளாஸ்டிக் குருணை. கவரின் மேல் எங்கள் மேனேஜரின் முத்து முத்தான கையெழுத்தில் 'வாசம்: இல்லை' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தது. அக்கா கிட்டே குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இத எழுதுனது யாரும்மா?"

"எங்க மேனேஜர்க்கா."

"அவர ஒரு நல்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக நாங்கள் பிளாஸ்டிக்கில் கோளாறு தேடிக்கொண்டிருந்தோம். கோளாறு பார்க்கிற மூக்கே கோளாறு. எங்களுக்கு வேண்டியது புது மெஷின் இல்லை, வேறு ஊர் மூக்கு.

இதை எழுதச் சொன்னது கம்பெனியில் எனக்கு ஜூனியராக இருந்த பிரவீன். எனக்கு முப்பது வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வேலையை ராஜினாமா செய்தேன், அவ்வளவுதான். ஆனால் பிரவீனும் அவன் கூட்டாளிகளும் எனக்குச் சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, 'பணி ஓய்வு பாராட்டு விழா' என்று பேனர் வேறு கட்டிவிட்டார்கள். "ரிட்டயர் ஆனவங்கல்லாம் ஆண்டு மலர்ல அனுபவம் எழுதுவாங்கக்கா. நீங்களும் எழுதணும்" என்றான். பென்ஷன் இல்லாத ஓய்வு. இருந்தாலும் சால்வை நல்ல சால்வை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை அறந்தாங்கிக்கு வெளியே இருக்கிறது. கடலோரத்தில் சேரும் பிளாஸ்டிக் கழிவை வாங்கி, சில்லுச் சில்லாக அரைத்து, கழுவி, உருக்கி, குருணையாக்கி, பாட்டில் செய்கிறவர்களுக்கு விற்கிற இடம். 'கடல் பிளாஸ்டிக்' என்று சொன்னதும் என் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் முத்துக்குளிக்கப் போவதாக நினைப்பு. உண்மையில் நாங்கள் எடுப்பது கடலுக்குள் கிடப்பது இல்லை. கடலுக்குப் போகிற வழியில் இருப்பது. வாய்க்கால் ஓரம், படகுத்துறை, உப்புப் பூத்த தரிசு என்று எங்கே காற்றடித்தாலும் அடுத்த மழைக்குத் தண்ணீருக்குள் போய்விடும் என்ற நிலையில் இருக்கிற கேன், டப்பா, மூடி, உடைந்த பிளாஸ்டிக் மீன் பெட்டி. பயிற்சிக்கு வந்த முதல் வாரம் இந்த விளக்கத்தை ஆங்கிலத்தில் நாலு பக்கம் படிக்கக் கொடுத்தார்கள். கட்டுமாவடியில் எங்கள் கொள்முதல் கொட்டகையை நடத்துகிற நாகம்மா அக்கா அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"முகூர்த்தத்துக்கு முந்தி ஓடப்பாக்குற மாப்பிள்ளைய பஸ்டாண்டுலயே புடிச்சுர்றோம். அம்புட்டுத்தான் புள்ள."

பயிற்சிக் காலத்தைப் பற்றி வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்கும், எது மூழ்கும் என்று காலேஜில் வரைபடம் போட்டுப் படித்ததை வெந்நீர்த் தொட்டிக்குள் கையை விட்டுப் படித்தேன். கை வெந்தது. கற்றது நின்றது. பெரிய படிப்பு அந்தோணி சாரைப் படிப்பதுதான்.

அந்தோணி சார் எங்கள் மேனேஜர். கட்டுமாவடியில் பிறந்து, சென்னையில் படித்து, ஓமனில் பைப் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மனிதர்களை 'டேய்', 'ஏ புள்ள' என்பார். மெஷினை மட்டும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பிளாஸ்டிக்கை உருக்கி நூலாகத் தள்ளுகிற எக்ஸ்ட்ரூடர் அவருக்குச் சம்பந்தி வீட்டம்மா மாதிரி. காலையில் வந்ததும் அதன் மேல் லேசாகக் கை வைத்து, "என்னங்க, எந்திரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹீட்டரைப் போடுவார். ஹீட்டர் நின்றுபோனால், "கோவமா இருக்காங்க. செத்த நேரம் தொந்தரவு பண்ணாத" என்பார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "நீ என்ன புள்ள, பந்திக்கு வந்தவ மாதிரி நிக்கிற? ஸ்பேனர எடு" என்பார். ஒருமுறை நான் வாய்தவறி "இது ஓடல சார்" என்றுவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் பிரவீன் வந்து, "'அவங்க ஓடல'ன்னு சொல்லுங்கக்கா, சரியாப்போயிரும்" என்று காதைக் கடித்தான். சொன்னேன். சரியாகிவிட்டது.

இன்னொன்று, அவர் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. "பாத்துருவோம்" என்பார். சட்டென்று சொன்னால் முடியும் என்று பொருள். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னால் அவருக்கே தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னால் ஜென்மத்துக்கும் நடக்காது. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்த அன்றுதான் நான் பயிற்சியாளர் என்ற நிலையிலிருந்து ஊழியர் ஆனேன்.

அவர் உயிராக மதித்த சடங்கு வாசனைச் சோதனை. ஒவ்வொரு ஈட்டுக் குருணையையும் கண்ணாடி ஜாடியில் பாதி நிரப்பி, மூடி, லேபில் இருக்கும் சின்ன மின்சார அடுப்பில் சூடேற வைக்க வேண்டும். எடுத்து, குலுக்காமல் மேசையில் வைத்து, மூடியை ஒரு விரல் அளவு மட்டும் விலக்கி, இரண்டு சின்ன இழுப்பு. உடனே மூடிவிட வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க். ஒன்று என்றால் வாசமே இல்லை, ஐந்து என்றால் ஆளே இருக்கக் கூடாது. அடுத்த ஜாடிக்குப் போகுமுன் அவரவர் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து, சொந்த வாசத்தை இழுத்து, மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சார் இதைக் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற பவ்யத்தோடு செய்வார். பக்கத்தில் நானும், எக்ஸ்ட்ரூடர் ஓட்டுகிற ராவுத்தர் அண்ணனும். மூன்று பேருமாக முழங்கையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, புதிதாக வந்த வாட்ச்மேன் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து டீ வாங்கிவந்து கொடுத்திருக்கிறார்.

இந்த மூன்று மூக்குகளும் சேர்ந்து 'ஒன்று' என்று மார்க் போட்ட குருணையைத்தான் முதல் சாம்பிளாகச் சென்னைக்கு அனுப்பினோம். அங்கே ஒரு பாட்டில் கம்பெனி. ஷாம்பு பாட்டிலுக்கு எங்கள் சரக்கைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தரம் பார்க்கிற மேடம் போனில் அழைத்தார். மிகவும் பண்பானவர்.

"கலர் நல்லாருக்கு, பலம் நல்லாருக்கு. ஆனா பாட்டில மூடி வச்சுத் திறந்தா... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்க லேப்ல ஒருத்தருக்குப் பசி எடுத்துருச்சு."

"புரியல மேடம்."

"கருவாடுங்க. நல்ல தரமான கருவாடு. ஆனா ஷாம்புக்கு அது வேண்டாம்."

சார் போனை வாங்கி, "கருவாட்டு வாசமா? எங்களுக்கு வரலையே மேடம்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வைத்த பிறகு எங்களிடம், "மெட்ராஸ்காரங்களுக்கு வாசம்னா என்னன்னே தெரியல" என்று தீர்ப்பு சொன்னார்.

சிரிப்பு அத்தோடு நின்றது. முதலாளி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, கணக்கு மனிதர். "கடற்கரை சரக்கே வேண்டாம். திருச்சியில டவுன் கழிவு வேணுங்கிற அளவு கெடைக்குது. கருவாட்டு வாசமும் இருக்காது. இன்னொரு சாம்பிள் அனுப்புங்க. அதுவும் திரும்பி வந்தா கட்டுமாவடிக் கொட்டகைய மூடிருவோம்" என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்துருவோம்" என்றார்.

கொட்டகையை மூடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கொட்டகை வருவதற்கு முன்பு நாகம்மா அக்காவும் மற்ற பெண்களும் படகு வந்தால் மீன் அரிவார்கள். படகு வராத நாளில் வேலை இல்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கடல் மீனுக்கு மட்டும் ஓய்வு கொடுக்காது, இவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும். கொட்டகை வந்த பிறகு தடைக்காலத்திலும் கைக்கு வேலை. அந்தத் தைரியத்தில்தான் அக்கா தன் மகளைப் புதுக்கோட்டையில் நர்சிங் சேர்த்திருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம், "நாளைக்கு ஒனக்கு ஊசி போடுறவ அவதான். இப்பவே மரியாதையா நடந்துக்க" என்பார்.

இரண்டாவது சாம்பிளுக்கு நாங்கள் செய்யாதது இல்லை. காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் ஒன்றுக்கு இரண்டாகக் கழுவினோம். ராவுத்தர் அண்ணன் தன் செலவில் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து தொட்டிக்குள் பிழிந்தார். சார் பார்க்காததுபோல் இருந்தார். கழுவிய சில்லை உலர்த்தி, உருக்கி, மூன்று மூக்குகளும் முகர்ந்து, ஒருமனதாக 'ஒன்று' போட்டோம். அந்தச் சாம்பிளைத்தான் புதுக்கோட்டையில் கூரியரில் போடுவதற்காக நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதைத்தான் பக்கத்து சீட் அக்கா கருவாடு என்றார்.

அவர் பெயர் சகுந்தலா. திருவரங்குளத்தில் ஜெராக்ஸ் கடை. மெஷினுக்குச் சாமான் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் முழுக் கதையையும் சொல்ல, அவர் மூக்கைப் பொத்தியபடியே முழுக் கதையையும் கேட்டார். பஸ் புதுக்கோட்டைக்குப் போய்விட்டது. நான் கூரியர் ஆபீஸுக்குப் போகவில்லை. சார் போன் செய்தார்.

"அனுப்பிட்டியா புள்ள?"

"இல்ல சார். இதுல வாசம் வருது."

"எவன் சொன்னான்?"

"பஸ்ல ஒரு அக்கா."

 "பஸ்ல வாரவங்க பேச்சக் கேட்டு சாம்பிள நிறுத்துறியா? நாளைக்கு டிரைவரு சொன்னா கம்பெனிய மூடிருவியா?"

"சார், நீங்க கட்டுமாவடி. ராவுத்தர் அண்ணனும் கட்டுமாவடி. எனக்கு இங்க வந்ததுலேருந்து மூக்கே கட்டுமாவடி. கருவாட்டு வாசத்த நம்ம மூணு பேரும் வாசம்னே கணக்குல எடுத்துக்கிறதில்ல."

கடைசியாக, "பாத்துருவோம்" என்றார். போனில் தலை சொறிகிறாரா, கண்ணாடி துடைக்கிறாரா என்று தெரியாததுதான் கஷ்டம்.

அன்று வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, எம்மேல கருவாட்டு வாசம் அடிக்குதா?"

கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேலைக்குச் சேந்த நாள்லேருந்து அடிக்குது."

"பின்ன ஏன் சொல்லல?"

"தெனமும் சொல்றேனே! 'வந்துட்டா கருவாட்டுக் கப்பல்'னு. நீதான் என்னமோ நான் கொஞ்சுறேன்னு சிரிச்சுக்கிட்டே போயிருவ."

சார் அரைமனதாகச் சம்மதிக்க, அடுத்த நாள் சோதனை மேசைக்கு நான் அழைத்த இரண்டு புது மூக்குகள் வந்தன. ஒன்று சகுந்தலா அக்காவுடையது. ஜெராக்ஸ் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, "பிளாஸ்டிக்க மோந்து பாக்குறதுக்கு ஆள் கூப்புடுறத இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்னொன்று என் அம்மாவுடையது. மகள் எங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று பார்க்கிற ஆசையில் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். எங்கள் ஆட்களிலிருந்தும் எடுக்கலாம் என்று நினைத்து, முகர்கிறவர்கள் முதல் நாள் மீன் சாப்பிடக் கூடாது என்று ஒரு விதி எழுதி ஒட்டினேன். ராவுத்தர் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "இதுக்குப் பேசாம என்னைய வேலைய விட்டு நிறுத்திருங்க" என்றார். விதியைக் கிழித்துவிட்டு உள்ளூர் மூக்குகளுக்கு முழு விடுப்பு கொடுத்தோம்.

சார் முறைப்படி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அம்மா ஜாடியைத் திறந்து முகர்ந்தார். இரண்டாவது சாம்பிளுக்கு ஐந்து. சகுந்தலா அக்காவும் ஐந்து. சார் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா, "பாவம், நாலுன்னு வேணா போட்டுக்கங்க தம்பி" என்றார்.

இனி வாசம் எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சார் ஒரு முறை வகுத்தார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சரக்கு ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஒரு ஜாடி எடுக்க வேண்டும். ஜாடியில் பெயர் கூடாது, அடையாளம் அடியில் மட்டும். முகர்கிறவர்கள் ஒருவர் மார்க்கை ஒருவர் பார்க்கக் கூடாது. கழுவாத கேன் சில்லுக்கு இருவரும் ஐந்து போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்கள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து வந்து, டிரையரில் சூடாக இறங்கிய சில்லுக்கு இருவரும் ஒன்று போட்டார்கள்.

சார் மேசையைத் தட்டினார். "பாத்தியா? எங்க கழுவல்ல கொற இல்ல!"

எக்ஸ்ட்ரூடரிலிருந்து வந்த குருணைக்கு மறுபடி ஐந்து.

எல்லோரும் எக்ஸ்ட்ரூடரைப் பார்த்தோம். சார் குறுக்கே வந்து நின்றார். "அவங்க மேல பழியப் போடாதீங்க. அவங்க வாங்குனதத்தான் குடுப்பாங்க."

அது சரிதான். அப்படியானால் டிரையருக்கும் எக்ஸ்ட்ரூடருக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. உலர்ந்த சில்லைச் சூட்டோடு சாக்கில் அள்ளி, எக்ஸ்ட்ரூடர் முறை வரும்வரை அடுக்கிவைப்போம். அவ்வளவுதான். ஒரே சில்லில் பாதியை ஸ்டீல் டிரம்மிலும் பாதியை வழக்கம்போல் சாக்கிலும் போட்டு மறுநாள் காலைவரை வைத்தேன்.

காலையில் அம்மா முதல் ஜாடியை முகர்ந்தார். "இதுல இல்ல." இரண்டாவதை முகர்ந்தார். "இதுல உக்காந்திருக்கு."

இரண்டாவது, சாக்கிலிருந்து எடுத்தது.

சார் ஒரு காலிச் சாக்கை எடுத்து, அதற்குள் தலையையே விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒண்ணும் இல்லையே!"

வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த சகுந்தலா அக்கா கத்தினார். "சார், மொதல்ல வெளிய வாங்க! எனக்கு இங்கிட்டு வரைக்கும் வருது!"

கட்டுமாவடிக்குப் போன் போட்டேன்.

"நாகம்மாக்கா, நம்ம கொட்டகைக்குச் சாக்கு எங்கருந்து வருது?"

"எங்கருந்து வரும்? கருவாட்டுக் கொட்டகையில இருந்துதான். ஊருல வேற என்ன சாக்கு இருக்கு?"

"கருவாடு கட்டுன சாக்காக்கா?"

"ஏன் புள்ள அப்புடிக் கேக்குற? நல்லா ஒதறித்தான அனுப்புறேன்! ஒரு செதிலு இருக்குன்னு சொல்லு பாப்போம்."

இதுதான் விஷயம். கட்டுமாவடியில் உதறிய சாக்கு சுத்தமான சாக்கு. சாருக்கும் அப்படித்தான், ராவுத்தர் அண்ணனுக்கும் அப்படித்தான். சரக்கு வந்த சாக்கைத் தூக்கி எறிவது அந்த ஊர் வழக்கத்திலேயே இல்லை. ஆகவே கேன் வந்த சாக்கிலேயே, கழுவிய சில்லையும் பத்திரமாகக் கட்டிவைத்தோம். இந்த வகைப் பிளாஸ்டிக் சூடாக இருக்கும்போது பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். காஸ்டிக்கும் வெந்நீரும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கழுவியதை, ஊறவைக்கிற மாதிரி, சூடு ஆறுமுன் கருவாட்டுச் சாக்கில் போட்டு மூடியிருக்கிறோம்.

சார் சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். எக்ஸ்ட்ரூடர் அருகே போய், "மன்னிச்சுக்கங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "டிரம்ம எடு புள்ள" என்றார்.

அதன்பிறகு கடற்கரைச் சாக்கு எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று ஆயிற்று. கேட்டிலேயே கொட்டிவிட்டு, சாக்கு வந்த லாரியிலேயே திரும்பிவிடும். கழுவிய சில்லு மூடி போட்ட டிரம்முக்கு. இரண்டு மூக்குகளும் ஒன்று போட்ட பிறகுதான் மூன்றாவது சாம்பிள் போனது. முன்னதை அனுப்பவே இல்லை என்பதால் முதலாளி கணக்கில் அதுதான் இரண்டாவது. பதில் வரும்வரை சார் மெஷினோடுகூடச் சரியாகப் பேசவில்லை. நான் கட்டுமாவடிக்குப் போன் செய்வதைத் தவிர்த்தேன். நாகம்மா அக்காவே கூப்பிட்டுக் கேட்டார்.

"மூடிருவாங்களா புள்ள? மக ரெண்டாவது வருசம் போகணும். நேராச் சொல்லிரு."

"தெரியலக்கா" என்றேன். 

சென்னை மேடத்தின் அழைப்பு வந்தபோது ஸ்பீக்கரில் போட்டோம். "லேசா சோப்பு வாசம் மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா ஷாம்பு பாட்டில்தானே, பரவாயில்ல. எடுத்துக்கறோம். ஒரே ஒரு குறை. லேப்ல அவருக்குத்தான் ஏமாற்றம். சாப்பாட்டு டப்பாவோட வந்து நின்னாரு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் பயந்துவிட்டோம். இந்த முறை அவர் துடைத்தது கண்ணாடியை இல்லை.

முதல் பாட்டில்கள் வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுமாவடி போனேன். சாயம் ஏற்றி, கடல் நீலத்தில் அழகான பாட்டில். கொட்டகைப் பெண்கள் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நாகம்மா அக்கா மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். முகத்தில் சந்தேகம்.

"ஒரு வாசமும் இல்லையே புள்ள. இது நம்ம பிளாஸ்டிக்குதான்னு நான் எப்புடி நம்புறது?"

"அதுக்குத்தானக்கா இம்புட்டுப் பாடும்."

"என்னமோ போ. பெத்த புள்ளைய வெளியூருக்குக் கட்டிக்குடுத்தா அடையாளமே தெரியாமப் போயிருதுல்ல, அது மாதிரி இருக்கு." சொல்லிவிட்டுப் பாட்டிலைத் திருப்பித் தராமல் இடுப்பில் செருகிக்கொண்டார். கொட்டகை மூடவில்லை. மகள் இரண்டாவது வருஷம் போய், முடித்து, இப்போது புதுக்கோட்டையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். எனக்கு ஊசி போடும் வாய்ப்பு இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அன்று கிளம்பும்போதுதான் அக்கா என் வேலையைப் பறித்தார். கொட்டகைக்குப் பின்னால் மலைபோல் கிடந்த தெர்மாகோலைக் காட்டினார். மீன் அனுப்புகிற ஐஸ் பெட்டிகள், உடைந்த மூடிகள், காற்றில் உருண்டு நேராகக் கடலுக்குப் போகிற வெள்ளைத் துண்டுகள்.

"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறீங்க. இந்த வெள்ளைச் சனியன மட்டும் ஏன் எங்களுக்கே விட்டுட்டுப் போறீங்க?"

"அது வேற பிளாஸ்டிக்குக்கா. லாரி நெறைய ஏத்துனாலும் காத்துதான் போகும். கட்டுப்படியாகாது."

"காத்த இங்கயே எறக்கி வச்சுட்டுப் போ. யாரு வேணாங்குறா?"

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. தெர்மாகோலைக் கடற்கரையிலேயே சூடாக்கி அமுக்கினால் காற்று போய், கையகலக் கட்டியாகிவிடும். கட்டியை லாரியில் ஏற்றலாம். கெட்டியான அந்தப் பிளாஸ்டிக்கில் சின்ன டப்பா செய்யலாம். ஒரு வருஷம் போல் இதைச் சாரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே "பாத்துருவோம்" என்றார். முதலாளி கண்ணாடி போடாதவர், நேராகவே வேண்டாம் என்றுவிட்டார். ராஜினாமாவைக் கொடுத்தேன். சார் படித்துப் பார்த்தார். "நீங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அப்போதுதான். மனிதர் என்னையும் மெஷின் கணக்கில் சேர்த்துவிட்டார். அதைவிடப் பெரிய சால்வை யாரும் எனக்குப் போர்த்தவில்லை.

இப்போது கட்டுமாவடியில், கொட்டகையை ஒட்டி, சின்னதாக ஒரு அமுக்கு மெஷின் நிற்கிறது. பாதி என் சேமிப்பு, மீதி பேங்க் லோன். நாகம்மா அக்காதான் அதற்குப் பொறுப்பு. முதல் நாளே அதை "வாடி, போடி" என்று பேசத் தொடங்கிவிட்டார். சார் பார்க்க வந்தபோது இதைக் கேட்டு முகம் சுளித்தார். செய்யப்போவது குங்கும டப்பா. சகுந்தலா அக்காவிடம் சொன்னேன்.

"குங்குமமா? நெத்தியில கருவாடு மணந்துச்சுன்னா பொம்பளைங்க ஒன்னைய ஊரவிட்டே வெரட்டிருவாங்க. ஷாம்பாவது கழுவுனாப் போயிரும்."

அதனால்தான் வேறு எதையும் விட்டுவிட்டு அதை எடுத்தேன் என்றேன். குங்கும டப்பாவில் தேறினால் எதிலும் தேறும்.

முதல் கட்டி நேற்று இறங்கியது. வெள்ளையாக, கல்போல. நான் முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு துண்டை உடைத்துத் துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். புதுத் துணிப்பை, கடையிலிருந்து நேராக வாங்கியது. நாளைக் காலை அறந்தாங்கியில் கூட்டமான பஸ்ஸாகப் பார்த்து ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்காரப்போகிறேன். பக்கத்து சீட்டில் யாராவது வந்து உட்கார்ந்து, புதுக்கோட்டைவரை எழுந்திருக்காமல் வரவேண்டும்.